கை படக்கூடாது

மே 3, ஞாயிறு
சென்னை விமான நிலையம்

விமானம் தாமதம். பக்கத்து நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்து தூங்குகிறார். எழுத நேரம் கிடைத்தது.

இருபது வருடமாக ஒன்பதாம் வகுப்புக்குச் சுண்ணாம்புப் பாறைக் குகை பற்றிப் பாடம் நடத்துகிறேன். மேலிருந்து தொங்குவது கல்விழுது, தரையிலிருந்து எழும்புவது கல்முளை, இரண்டும் சந்தித்தால் தூண். கரும்பலகையில் நான் வரையும் கல்விழுதைப் பார்த்துப் பிள்ளைகள் "கேரட் மிஸ்" என்று சிரிப்பார்கள். ஒரு குகையையும் நான் நேரில் பார்த்ததில்லை. இந்தக் கோடை விடுமுறையில் பார்த்தே தீர்வது என்று அந்தமான் போகும் திருச்சிக் குழு ஒன்றில் பெயர் கொடுத்துவிட்டேன். கூடவே சமையல்காரரும் வருகிறார். எந்தத் தீவுக்குப் போனாலும் சாம்பார் உண்டாம்.

என் மகள் நிருவின் முகூர்த்தப் புடவை எடுக்க எல்லோரும் காஞ்சிபுரம் போவதும் இதே வாரம்தான். தேதி தற்செயலாக அமைந்தது என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

கனகு அக்கா மிகவும் பக்குவமாகத்தான் சொன்னார். என் கணவருடைய அண்ணன் மனைவி. எப்போதும் பக்குவமாகப் பேசுவார்.

"உனக்குத் தெரியாததா இந்திராணி? முகூர்த்தப் புடவை. சுமங்கலிங்க கைபட்டு வரணும். நீ வந்து கடைக்கு வெளியில உக்காந்தா உனக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். தாரை வார்க்கிறதையும் நானும் உங்க அத்தானும் மணையில உக்காந்து பண்ணிடறோம். நீ எதுக்கும் கவலப்படாத."

என் கணவர் சேதுராமன் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. அவர் இல்லையென்றால், பெண்ணின் கையைப் பிடித்துத் தண்ணீர் விட்டு மாப்பிள்ளையிடம் ஒப்படைக்க நானும் இல்லை என்று ஆகிவிடுகிறது. சரி என்று தலையாட்டினேன். பிறகு, "அப்ப அந்த வாரம் நான் அந்தமான் போறேன்" என்றேன்.

"அந்தமானா? அங்க ஜெயில்தான இருக்கு?" என்றார் அக்கா.

"கல்யாணத்த வச்சுக்கிட்டு யாராவது கடல் தாண்டுவாங்களா?" என்றார் வைத்திலிங்கம் அத்தான்.

"எனக்குத்தான் கல்யாணத்துல வேலையே இல்லியே அத்தான்."

நிரு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமானத்துக்கு அழைக்கிறார்கள்.

மே 4, திங்கள்
போர்ட் பிளேர்

கடல் இங்கே எந்தத் தெருவின் முனையில் நின்று பார்த்தாலும் தெரிகிறது. வீட்டுக் கொல்லையில் மாடு கட்டியிருப்பதுபோல அவ்வளவு பக்கத்தில் கிடக்கிறது.

குழுவில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற தம்பதிகள். எனக்கு அறையில் துணை விசாலம் அம்மா, துறையூர்க்காரர். மகன் மணிவாசகத்துக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது. அவர் மனைவி ஹரிணியை அழைத்துக்கொண்டு தேனிலவுக்கு வந்திருக்கிறார், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. ஹரிணி இதைச் சொல்லும்போது சிரித்தாள். சிரிப்பதா அழுவதா என்று இன்னும் முடிவு செய்யாத சிரிப்பு.

பஸ்ஸில் விசாலம் அம்மா கேட்டார். "வீட்டுக்காரர் வரலையா டீச்சர்?"

"வரல."

"லீவு கெடைக்கலையாக்கும்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். நான் சொன்ன ஒரு வார்த்தையிலும் பொய் இல்லை. என் நெற்றியில் பொட்டு இருக்கிறது. பேச்சு வருமுன்னே அம்மா வைத்துப் பழக்கியது அது. சேதுராமன் கொண்டுவந்ததும் இல்லை, கொண்டுபோகவும் இல்லை.

விசாலம் அம்மா தானும் கணவரை இழந்தவர், மகனுக்கு ஒரு வயதிருக்கும்போதே. வெறும் நெற்றியில் திருநீறு. எங்கே போனாலும் கடைசியில்தான் நடக்கிறார். காலையில் கிளம்பும்போது சென்னையிலிருந்து கொண்டுவந்த முல்லைச் சரத்தை என்னிடம் நீட்டினார். "நீங்க ஹரிணிக்கு வச்சு விடுங்க டீச்சர். நீங்களும் வச்சுக்கங்க. நான் வைக்கக் கூடாது."

வைத்துவிட்டேன். மீதியை நானும் வைத்துக்கொண்டேன். நாள் முழுக்க வாசனை வந்துகொண்டிருந்தது.

மே 5, செவ்வாய்

மழை. எங்கும் போகவில்லை. சமையல்காரர் சிங்காரம் வெண்பொங்கலுக்கு மிளகு தாராளமாகப் போட்டிருந்தார். நிரு கூப்பிடவில்லை. சிக்னல் சரியில்லை என்று நினைக்கிறேன்.

மே 6, புதன்

குகையைப் பார்த்துவிட்டேன்.

விடியுமுன்னே கிளம்பினோம். பழங்குடியினர் வாழும் காட்டின் வழியாகப் பாதை. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போலீஸ் காவலோடுதான் போகவேண்டும். நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. சாலையின் இரு பக்கமும் மரங்கள் ஆளையே தெரியாதவை போல நின்றன. அடிமரங்கள் சுவர்போல விரிந்திருந்தன. "மழைக்காட்டில் மரங்கள் அடுக்கடுக்காக வளரும்" என்று பாடத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவேன். அந்த வரிக்குள் இவ்வளவு இருட்டு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பிறகு படகு. அலையாத்திக் காட்டுக்குள் கால்வாய் குறுகிக்கொண்டே போய், கிளைகள் தலைக்கு மேல் கூடிவிட்டன. எல்லோரும் குனிந்தோம். பிறகு சேற்றிலும் வேரிலும் நடை. விசாலம் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்க ஊர்ல இருந்து பச்சமலை பக்கத்துலதான் இருக்கு. அதையே நான் ஏறினதில்ல. இங்க வந்து சேத்துல மிதிக்கிறேன் பாருங்க" என்றார். குறை சொல்வதுபோலத்தான் சொன்னார். முகம் அப்படி இல்லை.

குகை வாசலில் வழிகாட்டி இந்தியில் ஏதோ கண்டிப்பாகச் சொன்னார். டூர் மேனேஜர் இளங்கோ மொழிபெயர்த்தார். "யாரும் கல்லத் தொடக்கூடாதாம். கைல இருக்கிற எண்ணெய் பட்டா கல்லு அப்புறம் வளராதாம்."

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். என் கேரட்டுகள். ஆனால் ஈரமாக, வெள்ளையாக, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு. ஒரு கல்விழுதுக்கும் அதன் கீழே இருந்த கல்முளைக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்தான் இடைவெளி. அவை தொட்டுக்கொள்ளும்போது நானோ, என் பேத்தியின் பேத்தியோ இருக்கமாட்டோம். வழிகாட்டி ஒரு மூலையைக் காட்டினார். அங்கே கல் கறுத்துப்போய், எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, செத்துக்கிடந்தது. முன்பெல்லாம் எல்லோரும் தொட்டுப் பார்த்த இடமாம்.

"கருவற மாதிரி இருக்கு" என்று விசாலம் அம்மா சொல்லிவிட்டு, யார் மேலும் படாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மனம் ஒப்பி நின்றேன். இங்கே என் கை ஆகாது. கனகு அக்காவின் கையும் ஆகாது. கலெக்டர் வந்தாலும் அவர் கையும் ஆகாது. இந்தத் தடைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை வகுப்பில் நின்று என்னால் விளக்க முடியும். விளக்க முடிகிற தடைக்கு நான் எப்போதும் கட்டுப்படுவேன்.

திரும்பி வரும் படகில் இந்த நினைப்பு என்னை விடவில்லை. புடவைக் கடையில் என் கை பட்டால் எந்த நூல் கறுக்கும்? யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. களைப்புத்தான்.

மே 7, வியாழன்
ஹேவ்லாக் தீவு

கப்பலில் இங்கே வந்தோம். கடற்கரை வரை காடு இறங்கி வருகிறது. மரத்தடியில் நின்றால் ஒரு காதில் சிள்வண்டு, மறு காதில் அலை. வெள்ளை மணல், காலைச் சுடவே இல்லை. சாயங்காலம் கழுத்தளவு தண்ணீரில் நின்றேன். சேலையோடுதான். இளங்கோ கரையிலிருந்து "மேடம், போதும், போதும்" என்று கத்தினார். அவருக்குப் போதும் என்று பட்டது எனக்குப் படவில்லை.

கனகு அக்கா குரல் பதிவு அனுப்பியிருந்தார். "நாளைக்குக் காலையில கடைக்குப் போறோம். நீ நல்லபடியா ஊர் சுத்திட்டு வா. தண்ணிப் பக்கம் போகாத."

நிரு கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. தீவில் சிக்னல் கிடைப்பது கஷ்டம். விசாலம் அம்மா மட்டும் தன் தங்கையோடு மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

கனகு அக்கா பேசிய அன்றைக்கு நிரு போனில் என்ன பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் பார்க்கவில்லை. திரை அணைந்து கிடந்தது. என் முகத்தைப் பார்க்காமலிருக்க அதைப் பார்த்தாள்.

மே 8, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதினால் அழகுபடுத்திவிடுவேன்.

காலையில் மற்றவர்களெல்லாம் கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் பவளப்பாறை பார்க்கப் போனார்கள். படகு குலுங்கும் என்று விசாலம் அம்மா போகவில்லை. அதனால் மகனும் மருமகளும் போகவில்லை. நான் அலுப்பில் போகவில்லை. மரத்தடியில் சிங்காரம் இட்லித் தூக்குகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். இளசுகள் இரண்டும் அலையில் விளையாடிக்கொண்டிருந்தன.

திடீரென்று ஹரிணி கரைக்கு ஓடிவந்தாள். வலது கையை மூடி நெஞ்சோடு அழுத்தியிருந்தாள். பின்னால் மணிவாசகம் சொட்டச் சொட்ட.

"அத்தை, தாலி அறுந்து..."

"அறுந்துதுன்னு சொல்லாதடி! பெருகிடுச்சுன்னு சொல்லு!" விசாலம் அம்மா எழுந்தே விட்டார். "நூல் கயித்தோட கடல்ல எறங்காதன்னு சொன்னேனா இல்லியா? உப்புத்தண்ணியில ரெண்டு நாளா ஊறினா என்ன ஆவும்?"

தாலியைப் பிரித்துத் தங்கச் சங்கிலியில் கோப்பது அவர்கள் வீட்டில் ஐந்தாம் மாதமாம். அதுவரை கல்யாணத்தன்று கட்டிய அதே மஞ்சள் கயிறு. உள்ளங்கையில் தாலி இருந்தது, ஒரு தங்கக் குண்டு இருந்தது. இன்னொரு குண்டைக் கடல் எடுத்துக்கொண்டது.

ஹரிணி விக்கி விக்கி அழுதாள். விசாலம் அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண் என்மேல் வந்து நின்றது.

"டீச்சர்! நல்லவேள நீங்க இருக்கீங்க. ஒரு கயிறு திரிச்சு இதக் கோத்துக் குடுங்க. நான் தொடக்கூடாது. உங்க கையால பண்ணுங்க."

வாயை மூடிக்கொண்டு செய்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கொல்லைப்புறமாக நுழைவது எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

"அம்மா, எனக்கும் வீட்டுக்காரர் இல்ல. போன வருஷம் தவறிட்டார்."

விசாலம் அம்மா என் பொட்டைப் பார்த்தார். அன்றைக்குப் பூ வைத்திருந்த தலையைப் பார்த்தார்.

"அன்னிக்குக் கேட்டப்ப வரலன்னீங்களே?"

"வரலதானம்மா."

சிங்காரம் சிரித்துவிட்டு, இருமல் வந்ததுபோல இருமினார்.

"அப்ப போட்ல போனவங்க வரட்டும்" என்றார் விசாலம் அம்மா. குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "அவங்கள்ள யாராவது பண்ணட்டும்."

"அதுவரைக்கும் வெறுங்கழுத்தோட இருக்கணுமா அத்தை?"

"அம்மா, நானே கோத்துடறேன்" என்றார் மணிவாசகம்.

"நீ சும்மா இருடா. உனக்கு என்ன தெரியும்? மொத முடிச்சே நீ தப்பாப் போட்டு ஐயர் திட்டினாரு."

நான் சிங்காரத்தைப் பார்த்தேன். நான் கேட்காமலேயே அவர் பையிலிருந்து பொட்டலம் கட்டும் நூல்கண்டை எடுத்துவைத்தார். "புதுக்கண்டு டீச்சர், இன்னும் பிரிக்கல." அஞ்சறைப் பெட்டியைத் திறந்து மஞ்சள்தூள் கிண்ணத்தையும் தள்ளினார்.

நூலைப் பல இழையாக மடித்து, ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டித் திரிக்க ஆரம்பித்தேன். விசாலம் அம்மா தடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

"அதுங்க நல்லா இருக்கணும் டீச்சர். நம்மளால ஒண்ணு ஆயிடக் கூடாது."

"ஒரு வயசுப் பிள்ளைய நீங்க ஒத்தையா வளத்தீங்க. குளிப்பாட்டுனது யாரு?"

"நான்தான்."

"சோறு ஊட்டுனது? காச்சல்ல ராத்திரி பூரா நெஞ்சத் தடவிவிட்டது?"

விசாலம் அம்மா மகனைப் பார்த்தார்.

"உங்க கை பட்டு ஆகாதுன்னா இந்த ஆள் எப்பவோ இல்லாமப் போயிருக்கணும். பாருங்க, எருமை மாதிரி நிக்கிறாரு."

ஹரிணி அழுகையின் நடுவில் சிரித்துவிட்டாள். மணிவாசகம் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துக் கயிற்றில் ஏற்றினேன். கோத்தேன். மணிவாசகத்திடம் கொடுத்தேன். அவர் கட்டினார். முதல் முடிச்சைப் போட்டுவிட்டு விழித்தார். "இதுக்கு மேல எனக்குத் தெரியாது. மத்த ரெண்டும் பெரியப்பா பொண்ணு போட்டுச்சு, நாத்தனார் முடிச்சு."

இரண்டாம் முடிச்சை நான் போட்டேன். மூன்றாவதைப் போடாமல் இரண்டு நுனியையும் பிடித்தபடியே விசாலம் அம்மாவைப் பார்த்தேன். ஹரிணி கூந்தலை ஒதுக்கிக்கொண்டு கழுத்தைக் குனிந்தபடி இருந்தாள்.

"கழுத்து வலிக்குது அத்தை. சீக்கிரம்."

விசாலம் அம்மா கையை முந்தானையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு வந்து போட்டார். யானையைக் கட்டுவதுபோல அவ்வளவு இறுக்கமான முடிச்சு.

அப்போதுதான் என் போன் அடித்தது. நிரு, வீடியோ அழைப்பு.

"அம்மா, எங்க இருக்க? கையெல்லாம் என்ன மஞ்சள்?"

"கடல்கிட்ட. ஒரு வேல இருந்துச்சு."

அவள் கடையின் மூலையில் நின்று கிசுகிசுத்தாள். போனைத் திருப்பிக் காட்டினாள். ஜமக்காளத்தில் அரக்கு ஒன்று, மாம்பழ மஞ்சள் ஒன்று, மயில்கழுத்து நிறம் ஒன்று. "பெரியம்மா மஞ்சள்தான்னு நிக்கிறாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. நீ சொல்லு."

பின்னாலிருந்து கனகு அக்காவின் குரல். "யாரு போன்ல? இப்ப எதுக்கு அவகிட்டக் காட்டற?"

"அரக்கு உனக்கு நல்லா இருக்கும். ஆனா உன் இஷ்டம்" என்றேன். "நிரு, ஒண்ணு சொல்றேன் கேளு. கல்யாணத்தன்னிக்கு உன்னைத் தாரை வார்க்கிறது நான். மணையில நான் உக்காருவேன்."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "பெரியப்பா ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன். உன்னைத்தான் கேக்கறேன். நீ ஒத்துக்கறியா?"

திரையில் அவள் முகம் அசையாமல் நின்றது. யோசிக்கிறாள் என்று காத்திருந்தேன். சிக்னல் போய்விட்டிருந்தது. இந்த முறை நிஜமாகவே.

மே 9, சனி

அத்தான் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, கடை நடுவுல புள்ளைகிட்ட இதையெல்லாமா பேசுறது?"

"வீட்டு நடுவுல பேசும்போது யாரும் என்னைக் கேக்கலியே அத்தான்."

"மாப்பிள்ள வீட்டுல என்ன நெனப்பாங்க?"

"கேட்டுப் பாருங்க. வேண்டாம்னா என்கிட்ட நேரா சொல்லட்டும். நீங்களா அவங்களுக்காக நெனக்காதீங்க."

"சேது இருந்தா..."

"இருந்தா நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருப்போம். அதுல பாதி நான்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவரும் தம்பியை இழந்தவர்தான். அதை நான் அடிக்கடி மறந்துவிடுகிறேன்.

"யோசிச்சுச் சொல்றேன்மா."

"யோசிங்க அத்தான். நான் யோசிச்சு முடிச்சுட்டேன்."

திரும்பும் கப்பலில் விசாலம் அம்மா ஹரிணிக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார். துறைமுகத்தில் வாங்கிய பூவை என்னிடம் நீட்டவில்லை. தானே வைத்துவிட்டார். பிறகு கொஞ்சம் கிள்ளி எனக்குக் கொடுத்தார்.

நிருவிடமிருந்து ஒன்றும் இல்லை.

மே 11, திங்கள்
திருச்சி

காலையில் வீட்டுக்கு வந்தேன். நிரு கதவைத் திறந்தாள். "கறுத்துட்டம்மா" என்றாள். காபி போட்டாள். சர்க்கரை அதிகம். குகை எப்படி இருந்தது என்று கேட்டாள். நான் சொன்னேன். புடவையைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. துணி துவைத்தேன். பைக்குள்ளிருந்து கொட்டிய மணலைப் பெருக்கினேன். மறுபடியும் பெருக்கினேன்.

மத்தியானம் அவள் அறையிலிருந்து கடைப் பையோடு வந்தாள். கூடத்தில் பாயை விரித்து, புடவையை வெளியே எடுத்தாள். அரக்கு. நாலு மூலையிலும் கனகு அக்கா வைத்த மஞ்சள் பொட்டு.

"பெரியம்மா ஒரு டெய்லர்கிட்டச் சொல்லி வச்சிருக்காங்க. ரவிக்கைத் துணிய வெட்டி அங்க குடுக்கணுமாம்."

"சரி, குடு."

"நான் குடுக்கல." அவள் என்னைப் பார்க்கவில்லை. தையல் மிஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "ஸ்கூல் யூனிபார்ம்ல இருந்து எல்லாம் நீதான தச்ச? இத மட்டும் எவனோ எதுக்குத் தைக்கணும்?"

"பெரியம்மா கேட்டா?"

"அம்மா வெட்டிட்டாங்கன்னு சொல்லுவேன்." கத்தரிக்கோலை இன்னும் என் பக்கம் தள்ளினாள். "அன்னிக்கு நான் பேசியிருக்கணும்."

நகக்கண்ணில் கடற்கரை மஞ்சள் இன்னும் போகவில்லை. கையைக் கழுவிவிட்டு வரலாமா என்று நினைத்தேன். கழுவவில்லை.

புடவையின் தலைப்பை அவள் பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் ரவிக்கைத் துணி தொடங்கும் கோட்டைக் கண்டுபிடித்து, பட்டை விரலால் நீவிவிட்டுக் கத்தரியை வைத்தேன். கனமான பட்டு. முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு கரையிலிருந்து கரை வரை நேராகப் போனது.